ஒரு மணிக்கு இறங்கும் ஷட்டர்

2019 ஏப்ரல் 17, புதன்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு ராஜ்கோட் டேபர் சாலையில் ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது. ஜெய்சுக் வேகரியாவின் பம்புசெட் கடை.

எங்கள் ஊரில் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டினால் வீட்டுச் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குத்தான் மறுபடி வியாபாரம். மும்பை கம்பெனி ஒன்றின் ஏஜென்சியை எடுக்கும்வரை ஜெய்சுக்பாயும் அப்படித்தான் இருந்தார். பகலில் கடையை மூடவே கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. மதியத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வெளியூர் ஆர்டர்கள் போனில் குவிந்தன. ஒரே வருடத்தில் வருமானம் இரட்டித்தது. கார் வந்தது. மதியச் சாப்பாடு டப்பாவுக்கு மாறியது. டாக்டர் இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலைக்குள் ஒப்பந்தத்தை மேலும் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா என்று சில வாரங்களாகவே அவருக்குக் குழப்பம். ஒருமுறை முழுக்கப் படித்துவிடலாம் என்று தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அழைப்பு மணி ஒலிக்கவில்லை. மனைவி முக்தாபென் போனை எடுக்கவில்லை. கதவைத் தட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"யாருய்யா அது, இந்த நேரத்துல? ஒண்ணும் வாங்கறதா இல்ல, போ!"

"பிரவீன்பாய், நான்தான். ஜெய்சுக்."

"அட, நீங்களா! எவனோ விக்க வந்திருக்கான்னு நெனச்சேன். மதியத்துல உங்க மூஞ்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு! முக்தாபென் மணி சுவிட்ச அணைச்சுட்டுத்தான் படுப்பாங்க. இப்ப எழுப்புனீங்க, தொலைஞ்சீங்க. இங்க வாங்க."

"கண்ணாடிய எடுத்துட்டு ஓடணும், பாய்."

"தூங்கறதுக்குக் கண்ணாடி எதுக்கு? வாங்கன்னா."

ஒரு டம்ளர் மோரும், மின்விசிறிக்கடியில் ஒரு கட்டிலும் கிடைத்தன. ஐந்து நிமிடம் என்று சாய்ந்தார்.

கண் விழித்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. எதிரில் முக்தாபென் நின்றார்.

"சொந்த வீடு இருக்க, அடுத்தவங்க வீட்டுல குறட்டையா?"

"நீ கதவத் திறக்கலையே."

"நீங்க வருவீங்கன்னு யாரு கண்டா? வர்றதா இருந்தா சொல்லுங்க, சுவிட்சப் போட்டு வைக்கறேன்." சிரித்தவர், கொஞ்சம் பொறுத்து, "நெசமாவே வருவீங்களா?" என்று கேட்டார்.

ஜெய்சுக்பாய் போனைப் பார்த்தார். மும்பையிலிருந்து வரிசையாக அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டார்.

"எங்க போனீங்க ஜெய்சுக்பாய்? கையெழுத்து என்னாச்சு?"

"தூங்கிட்டேன்."

"பகல்லயா?"

"ஆமா. நாளைக்கும் தூங்குவேன். ஏஜென்சிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"கார் தவணை?" என்றார் முக்தாபென்.

"வித்துடலாம். ஸ்கூட்டர் ஓடுதுல்ல?"

மே மாதம் ஏஜென்சி கோண்டல் சாலையில் கடை வைத்திருக்கும் இன்னொருவருக்குப் போனது. ஜெய்சுக்பாயின் வருமானம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. கடை ஷட்டர் ஒரு மணிக்கு இறங்கி நாலு மணிக்கு ஏறுகிறது.