எலிஹியோ மொன்தாஸ் அடித்து, கீழே வராமல் நின்ற பந்து

எலிஹியோ மொன்தாஸ் தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், ஓய்வு பெறும் நாளன்று, ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த பந்து பதினோரு வருடம் நாலு மாதம் கீழே வரவில்லை. அந்த வருடம் மழை குறைவு, அவகாடோ நல்ல காய்ப்பு. மோன்தே கிளாரோ ஊர்க்காரர்களான நாங்கள் யாரும் பெரிதாக வாய் பிளக்கவில்லை. எங்கள் ஊரில் எதுதான் முடிந்திருக்கிறது? தேவாலயத்துக்கு ஒரே ஒரு கோபுரம். பாலம் ஆற்றின் நடுவில் வந்து நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மைதானத்தைச் சுற்றி வேலி போடுகிறேன் என்று ஆரம்பித்த சர்க்கரை ஆலை, பதினேழு கம்பம் நட்டதோடு மறந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பந்து மேலே போய்விட்டு இறங்க மறந்தால், அதுவும் எங்கள் ஊர்ப் பந்துதானே என்று விட்டுவிட்டோம்.

ஆனால் எலிஹியோவுக்கு அது சாதாரணப் பந்து இல்லை. அது ஆயிரமாவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் எங்கள் கரும்பாலை பேஸ்பால் லீக்கில் தொண்ணூறு வருடத்தில் ஆயிரம் அடி அடித்தவன் ஒருவனும் கிடையாது. 912 அடித்தவர் நியூயார்க் போய் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டார். 940 அடித்தவர் சுவிசேஷ சபையில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தொடுவது பாவம் என்று கண்டுபிடித்தார். எலிஹியோ எங்கும் போகவில்லை, எதிலும் சேரவில்லை. அவரிடம் வேகம் இல்லை, பலம் இல்லை, முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு ஹோம் ரன் கூடக் கிடையாது. பந்து பிடிக்க நிற்கும் காவலர்கள் இரண்டு பேருக்கு நடுவே, ஒருத்தருக்கும் எட்டாத இடத்தில் பந்தைத் தள்ளிவிட்டு, ஓட வேண்டிய நாலு மூலையில் முதலாவதான முதல் பேஸுக்குப் போய் மூச்சு வாங்குவார், அது ஒரு அடி. ஊரில் அவருக்கு மினிபஸ் என்று பெயர். மெதுவாகப் போகும், எல்லா இடத்திலும் நிற்கும். "நான் திறமையால இத்தனை அடிக்கலப்பா, போக வேற இடமில்லாம அடிச்சேன்" என்று அவரே சொல்லுவார். 999க்கு வந்தபின் ஏழு ஞாயிறு ஒன்றுமே அடிக்கவில்லை. எட்டாவது ஞாயிறு சீசனின் கடைசி ஆட்டம். முழங்கால் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தச்சர் ஓய்வுப் பரிசாக ஆடுநாற்காலி செய்து, முதுகுப் பலகையில் 1000 என்று முன்கூட்டியே செதுக்கி, கொண்டுவந்து ஓரத்தில் வைத்துவிட்டார். அவசரக்குடுக்கைத்தனம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

ஐந்துக்கு நாலு என்று நாங்கள் பின்தங்கியிருந்தபோது, ஒருவர் அவுட்டான நிலையில், எலிஹியோ மட்டையைச் சுழற்றினார். பந்து நேராக மேலே போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலித்ததும் குனிந்துகொண்டோம். எதிரணி லா சியேனகா. அதன் நடுக்காவலன் ராதாமேஸ் பெகெரோ, இருபத்து மூன்று வயது, "என்னுது, என்னுது!" என்று கத்தியபடி கையுறையைத் தூக்கிக்கொண்டு அடியில் போய் நின்றான். எலிஹியோ நாலு பேஸையும் நடந்தே சுற்றி முடித்து, தண்ணீர் குடித்து, செருப்பு மாற்றிக்கொண்டு வந்தார். பந்து இன்னும் மேலேதான் இருந்தது, ஒரு நெல்லிக்காய் அளவில்.

ஆட்டக் குறிப்பேடு எனெய்தா அம்மாளிடம் இருந்தது. ஆலையின் எடைமேடையில் கரும்பு லாரி நிறுப்பவர். சொந்தத் தம்பியின் லாரிக்குக்கூட ஒரு கிலோ கூட்டிப் போட்டதில்லை, அதனால்தான் பென்சிலை அவர் கையில் கொடுத்தோம், கொடுத்தபின் வருந்தினோம். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் அடி, ஆயிரம். ராதாமேஸ் பிடித்தால் அவுட், 999. ராதாமேஸ் கையில் பட்டு நழுவினால் அது ராதாமேஸின் பிழை, எலிஹியோவுக்கு ஒன்றும் கிடையாது, அப்போதும் 999தான். பையன் மனம் இரங்கி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாலும் பயனில்லை.

"அப்ப பந்து எப்ப வருதோ அதுவரைக்கும்?" என்று எலிஹியோ கேட்டார்.

"அதுவரைக்கும் நீ ஆட்டத்துல இருக்க. சட்டையக் கழட்டாத."

"வேலி இல்லாத மைதானம்க்கா, பந்து காத்துல ஊருக்குள்ள போயிருச்சுன்னா?"

"வேலி இல்லன்னா ஊரே மைதானம்தான். காத்து என் இலாகா இல்ல."

அப்படித்தான் மற்ற ஆட்டங்கள் எல்லாம் வழக்கம்போல நடக்க, அந்த ஒரு ஆட்டம் மட்டும் முடியாமல் நின்றது. எலிஹியோவால் ஓய்வு பெறவும் முடியவில்லை, ஆடவும் முடியவில்லை. ஞாயிறுதோறும் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வருடத்துக்கு ஒரு பொத்தான் தெறித்தது. ஆடுநாற்காலி சாக்கு போர்த்தி மூலையில் கிடந்தது. ஓய்வு பெறாதவன் அதில் உட்காரக்கூடாது என்று தமக்குத்தாமே சட்டம் போட்டுக்கொண்டார். பந்து தெற்குக் காற்றில் தபால் நிலையத்தின் மேல் நிற்கும், புயல் மாதங்களில் சந்தைப் பக்கம் நகரும், ஆலை கரும்பு அரைக்கும் காலத்தில் புகைபோக்கியின் சூட்டில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். அதன் நிழல் ஒரு பொத்தான் அளவில் தெருத்தெருவாக ஊர்ந்தது. கோழிகள் தானியம் என்று நினைத்து அதைக் கொத்திக்கொண்டே பின்னால் போயின.

கோழிகளுக்கு முன்னால் ராதாமேஸ் போனான். முதல் நாள் லா சியேனகா பஸ் கிளம்பியபோது அவன் ஏறவில்லை. "என்னுதுன்னு கத்திட்டேன், எப்படிப் போறது?" என்றான். நியாயம்தான், கத்தியபின் விட்டுவிட்டுப் போகிறவனை இந்த ஊர்ப்பக்கம் ஒருத்தரும் மதிப்பதில்லை. பகலில் நிழலைத் தொடர்ந்தான், நிழல் நின்ற வீட்டுத் திண்ணையில் படுத்தான். பந்து ஆறு மாதம் மருந்துக்கடை மேலே நின்றதால் மருந்துக்கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். இடது கையில் கையுறை இருந்ததால் மோதிரத்தை வலது கையில் போட்டார்கள். லா சியேனகாக்காரர்கள் வந்து, "டேய், வந்து தொலைடா, ஒரு அவுட்டுக்காகவாடா?" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். "ஆயிரம் அடிக்கிறது அபூர்வம்னா, ஆயிரமாவத புடிக்கிறது அதவிட அபூர்வம்ல?" என்று திருப்பிக் கேட்டான். வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

மூன்றாம் வருடம் பந்து எலிஹியோவின் வீட்டு அவகாடோ மரத்தின் மேல் வந்து நிலைத்தது. அப்போதுதான் எலிஹியோவுக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் காவலனுக்கு எட்டாமல் பந்து விழுந்தால் என்ன என்று எனெய்தா அம்மாளிடம் நைசாகக் கேட்டார். "எட்டலன்னா அடிதான்" என்றார் அம்மாள். அன்றே எலிஹியோ ராதாமேஸை ஞாயிறுதோறும் விருந்துக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி தியோமாரிஸ் ஊருக்கே கேட்கும்படி சிரித்தாள். "முப்பத்திரண்டு வருஷம் மட்டையால முடியாதத இப்ப என் அகப்பையால முடிக்கப் பாக்குறாரு இந்த மனுசன்!"

ராதாமேஸுக்கு விஷயம் புரியாமல் இல்லை. முதல் வருடம் சன்னலோரம் நின்றபடி, ஒரு கண் வானத்தில் வைத்துச் சாப்பிட்டான். அடுத்த வருடம் உட்கார்ந்தான். அதற்கடுத்த வருடம், தியோமாரிஸ் அவரைப் பருப்புச் சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி அவன் தட்டில் போட ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் காந்தல் வீட்டு ஆண்பிள்ளைக்குப் போவது. எலிஹியோ தம் தட்டைப் பார்த்தார், அவன் தட்டைப் பார்த்தார். டொமினோ ஆடினார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றினார்கள். ராதாமேஸின் மகளுக்கு எலிஹியோ ஞானத்தந்தை ஆனார். சதி என்று தொடங்கியது எந்த ஞாயிறில் சதி இல்லாமல் போனது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் ஆயிரத்தின் ஆசை போய்விட்டது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து "ஆயிரம்" என்று சொல்லிப் பார்ப்பார், தியோமாரிஸ் பலமுறை கேட்டிருக்கிறாள்.

பன்னிரண்டாம் வருடம், ஜூன் மாதத்து ஞாயிறு, மதியம் ஒன்றரை மணி. ராதாமேஸ் மூன்று தட்டு அவரைச் சோறு தின்றுவிட்டு, மரத்துக்குப் பின்னால் தூளியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். தாடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. எலிஹியோ முற்றத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். காலடியில் பொத்தானாக இருந்த நிழல் காப்பித்தட்டு அளவு ஆனது. கோழிகள் பயந்து சிதறின. அண்ணாந்து பார்த்தார். பந்து வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், ஊரின் மற்ற எல்லாவற்றையும் போலவே.

அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு அருள் நிறை மரியே சொல்லும் நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தொண்ணூறு வருடத்தில், இப்போது நூற்றி ஒன்றில், முதல் ஆயிரம். வாயை மூடிக்கொள்ளத்தான் செய்தார். பாதி ஜெபம் வரை மூடியிருந்தார். பிறகு அந்தக் கையுறையைப் பார்த்தார். தூக்கத்திலும் அது கழன்றிருக்கவில்லை. தோல் வெளுத்து, இருபது இடத்தில் தியோமாரிஸின் தையல், அதில் ஏழு தையலுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அவரே. சனியன், இந்தப் பையன் மேல் இவ்வளவு பிரியம் வளர யார் விட்டது என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

"டேய் ராதாமேஸ்! எந்திரிடா! வருதுடா!"

ராதாமேஸ் தூளியோடு விழுந்தான், எழுந்தான், அவரைப் பருப்புச் சட்டியை உதைத்தான், துணிக்கொடியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினான். பன்றிப்பட்டி அருகே, மண்ணில் முழு நீளத்துக்கு விழுந்து கையை நீட்டினான். ஒரு சின்ன சத்தம் கேட்டது. கையுறைக்குள் பந்து இருந்தது, கொஞ்சம் ஈரமாக, மேகத்தில் கிடந்ததால்.

அவன் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்து அழுதான். "ஏண்ணே எழுப்புனீங்க? சும்மா இருந்திருந்தா ஆயிரம்ல?"

"தூங்குறவன் மேல அடிக்கிற அடி ஒரு அடியாடா?" என்றார் எலிஹியோ. பிறகு அவரும் அழுதார். "எந்திரி, சட்டையெல்லாம் சாணி."

தியோமாரிஸ் அகப்பையோடு வந்தாள். "எட்டு வருஷம் ஆக்கிப் போட்டேன்! கடைசியில கூவி எழுப்பிவிட்டீரா, கூமுட்டை மனுசா!" என்று கத்திவிட்டு, இரண்டு பேருடைய முகத்தையும் இடுப்பில் கட்டிய சமையல் துணியாலேயே துடைத்துவிட்டாள். எனெய்தா அம்மாள் குறிப்பேட்டோடு வந்து சேர்ந்தார். அடித்தவனே காவலனை எழுப்பலாமா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதற்குத் தடை இல்லை, யாரும் இவ்வளவு முட்டாளாக இருக்கமாட்டார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். அவுட் என்று எழுதினார். பென்சில் முனை உடைந்தது, பல்லால் சீவிக்கொண்டு 999 என்று முடித்தார்.

ஆட்டம் மீதி இருந்தது. இரண்டு அணியிலும் உயிரோடு இருந்தவர்களைத் திரட்டி, நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். எங்கள் அடுத்த ஆட்டக்காரருக்குக் குடலிறக்கம், மூன்று பந்தில் அவரும் அவுட், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்தது. ஐந்துக்கு நாலு என்று தோற்றோம், ஆட்ட நேரம் பதினோரு வருடம், நாலு மாதம், இரண்டு மணி என்று பதிவாயிற்று. வானத்தில் ஒன்றும் இல்லாதது சில வாரங்களுக்கு எங்களுக்கு வினோதமாக இருந்தது. கோழிகள்தான் ரொம்ப நாள் தேடின.

அன்று மாலையே எலிஹியோ சாக்கை உருவிவிட்டு ஆடுநாற்காலியை வாசலில் போட்டார். அதிலிருக்கும் 1000 பொய், சுரண்டிவிட்டு 999 என்று செதுக்க வேண்டும் என்று எனெய்தா அம்மாள் பிடிவாதமாக நின்றார். தச்சர் உளியோடு வந்தார். எலிஹியோ உட்கார்ந்து காட்டினார். பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவர் முதுகை அகலமாக்கியிருந்தன, எண் முழுதாக மறைந்துவிட்டது. எனெய்தா அம்மாள் குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "எந்திரிக்காத வரைக்கும் சரி" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. தியோமாரிஸ் காந்தலைச் சுரண்டி இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள்.