முஷ்டிக்கு இடமில்லை

மார்ச் 4, செவ்வாய்.

அக்காவின் நாலு வயது மகளுக்கு நீளமான பென்சில் வாங்கிக் கொடுத்தது என் தவறுதான். கரண்டியைப் போல அதை முஷ்டியில் பிடித்தாள். விரலைத் திருத்தப் போனால் அழுதாள். எழுதுவதையே வெறுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இன்று மாலை வகுப்பெடுக்கக் கிளம்பும் அவசரத்தில், வாசலில் கிடந்த அந்தப் பென்சிலைச் செருப்புக் காலால் மிதித்து உடைத்துவிட்டேன்.

"ஒடச்சிட்டியா சித்தி?" என்றபடி கூர் இருந்த குட்டைத் துண்டை எடுத்தாள். முஷ்டிக்கு அதில் இடமில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாகப் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்கியது. சுவரோரத் தாளில் ஒரு வட்டம் போட்டாள்.

"யாருடி இது?" என்று கேட்டேன்.

"நீதான். மூஞ்சி உப்பியிருக்கு பாரு."

அக்கா சிரித்தாள். "வாத்தியாரம்மாவால முடியாதத அவங்க செருப்பு செஞ்சிருச்சு!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாளை மற்ற பென்சில்களையும் அவள் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிச் சீவ வேண்டும்.