நுனி சேராத ஒயர்

மூன்றையும் இரண்டையும் கூட்டினால் ஆறு என்றது கீர்த்தியின் கணக்குப் பொறி. மூன்றாவது தடவையும் ஆறுதான். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஒரு மரப்பலகைமேல் டிரான்சிஸ்டர்களும் ஒயர்களுமாக அது பரந்து கிடந்தது. ஆறு சுவிட்சுகள், நான்கு சிவப்பு விளக்குகள். விளக்குகளின் கீழே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று அவள் கணவன் ஜவஹரின் கையெழுத்து; எரிகிற விளக்குகளின் எண்களைக் கூட்டினால் விடை.

தொடங்கியவன் அவன்தான். கடைக் கால்குலேட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புப் பொட்டுதான் இருக்கிறது, அது எப்படிக் கூட்டுகிறதென்று கண்ணால் பார்க்கவேண்டும் என்பான். பிப்ரவரியில் ஒருநாள் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் திரும்பி வரவில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துகிற கீர்த்திக்கு மிச்ச வேலை பெரிதில்லை. முடிந்துவிடக் கூடாதே என்றுதான் ஆறு மாதம் இழுத்தாள்.

எதைக் கூட்டினாலும் ஒன்று அதிகம் வந்தது. தேடியதில் காரணம் அகப்பட்டது. முதல் கட்டத்தில் ஒரு ஒயர் எதிலும் சேராமல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கை வந்தால் ஒன்று கூடியது. கையை எடுத்தால் கணக்கு சரியானது. வீட்டுக் கரண்டின் அதிர்வை உடம்பு ஏந்தி அந்த நுனிக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதைப் பேட்டரியின் மைனஸோடு பற்றவைத்தால் தீர்ந்தது.

உள்ளே போய் சாலிடரிங் அயர்னை எடுத்து வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்க, முதல் விளக்கு மட்டும் எரிந்தது. மேசையருகே ஆளில்லை. அது மெல்ல அணைந்தது. மறுபடி எரிந்தது. யாரோ கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக.

மாமியார் சண்முகவடிவு வந்து அவள் பின்னால் நின்றாள். கீர்த்தி சத்தமில்லாமல் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி சுழன்று ஓய்ந்தது, பிரிட்ஜ் அடங்கியது. பேட்டரியில் ஓடும் பொறி மட்டும் மிச்சம். இனி அந்த ஒயர் வாங்கிக்கொள்ள வீட்டில் எதுவும் இல்லை.

விளக்கு எரிந்தது.

"அதுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று மாமியார் கேட்டாள்.

"ஒரு ஒயரை ஒட்டணும் அத்தை. ஒட்டிட்டா கணக்கு சரியாயிடும். அப்புறம் இப்படி எரியாது."

சண்முகவடிவு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "முடிக்கணும்னுதானே ஆசைப்பட்டான்" என்றாள். ஒட்டு என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, கீர்த்திக்கு விளங்கவில்லை.

அயர்ன் சூடாகவேண்டுமென்றால் மெயினைப் போடவேண்டும். சுவிட்சின்மேல் வைத்த கை அப்படியே இருந்தது. விளக்கு அணைந்தது. இந்தமுறை நெடுநேரமாகியும் திரும்ப எரியவில்லை. மாமியாரின் விரல்கள் அவள் முழங்கையை இறுகப் பற்றின. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு மேசையையே பார்த்து நின்றார்கள்.