சுண்ணாம்பு போட்ட கிணறு

மேரு ஊரிலிருந்து கிளம்பி ரவாங் நகரத்துக்கு அப்பால் பதினெட்டாவது மைலில் இருக்கும் பதினெட்டாங்கட்டைக்கு வந்து சேரும்வரை பரமேஸ்வரன் வேனில் வானொலியைப் போடவில்லை. தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக மாதிரி எடுக்கும் வேலை. போகிற இடத்தில் மக்கள் நிறையப் பேசுவார்கள். அதற்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் மௌனம் வேண்டியிருந்தது.

ஒன்பது வீடுகள். அவற்றுக்குப் பின்னால், பல காலமாக நீர் நிரம்பிக் குளமாகக் கிடந்த பழைய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். மிச்சக் கரியை வெட்ட வந்த நிறுவனம் போன வருடம் அந்தக் குளத்தை இறைக்கத் தொடங்கியது. பள்ளம் வற்ற வற்ற வீட்டுக் கிணறுகளும் இறங்கின. எட்டு வறண்டுவிட்டன. மாரியாயி வீட்டுக் கிணற்றில் மட்டும் நீர் இருந்தது. அதுவும் துருநிறமாய், புளித்து. பட்டா இல்லாத நிலம் என்பதால் குழாய்த் தண்ணீர் கிடையாது. புதன்கிழமை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. நீர் கெட்டிருக்கிறது என்று இந்த ஒரு கிணறு காட்டினால் நிறுவனம் பம்பை நிறுத்த வேண்டும், வீடுகளுக்குக் குழாயும் இழுத்துத் தர வேண்டும்.

பரமேஸ்வரன் வாளியில் நீரை மொண்டு அமிலத்தை அளக்கும் கருவியை வைத்தார். நீர் கண்ணாடிபோல் இருந்தது. புளிப்பே இல்லை. கருவி ஏழு புள்ளி நான்கு காட்டியது; ஏழுக்குக் கீழே இறங்க இறங்கத்தான் புளிப்பு.

“என்னாண்ணே, மினரல் வாட்டர் கம்பெனியே திறக்கலாம் போல லா,” என்றான் வாசு. நிறுவனத்தின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன். “சைன் வச்சிடுவோமா? ஹைவே ஜாம் ஆயிடும்.”

பரமேஸ்வரன் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தார். கிணற்றின் சிமெண்ட் உறை உள்பக்கம் அரித்துப்போய்க் கல் தெரிந்தது. வாளியின் கம்பி மெலிந்து நூலாகியிருந்தது. நல்ல நீர் சிமெண்டைத் தின்னாது.

“அக்கா, கிணத்துல ஏதாச்சும் போட்டீங்களா?”

மாரியாயியின் முகம் மலர்ந்தது. “போடாம இருப்பமா? கோயில் திருவிழாவுக்கு முந்தி வருஷா வருஷம் போடறதுதான். இந்தத் தடவ நீங்க வரீங்கன்னு ஒம்போது வீடும் சேந்து முந்தாநாளே சுண்ணாம்பு ரெண்டு மூட்ட, படிகாரம், எல்லாம் போட்டோம். வர்ற மனுசங்க மொகம் சுளிக்கக் கூடாதுல்ல.”

அவள் கொடுத்த தேநீர் அவர் கையில் இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“சுண்ணாம்பு புளிப்பைக் கொன்னுடும் அக்கா. இதை எடுத்துக்கிட்டுப் போனா, உங்க தண்ணி நல்லாருக்குன்னுதான் ரிப்போர்ட் வரும்.”

அவள் வாசுவைப் பார்த்தாள். வாசு தன் கைப்பேசியைப் பார்த்தான்.

“வேற வழி இல்லையா தம்பி?”

“இருக்கு. மொத்தத் தண்ணியையும் இறைச்சிட்டு, புதுசா ஊறுறதை எடுக்கலாம். அதுக்கு ரூல்ஸ்ல இடம் இருக்கு.”

“ஊறுமா?”

“தெரியாது அக்கா. ஊறலன்னா ‘நீர் இல்லை’ன்னு எழுதணும். அப்புறம் இந்தக் கிணத்தை விசாரணையில எடுத்துக்க மாட்டாங்க.”

ஒன்பது வீட்டுக்கும் இருந்த கடைசித் தண்ணீர் அது. அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தூரத்தில் பள்ளத்துப் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு குடங்களை எடுத்து வந்து நிரப்பினாள்.

“ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சோத்துக்கு,” என்றாள். “இறைங்க.”

அரை மணி நேரத்தில் கிணறு காலியானது. பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி ஏணி வைத்து இறங்கி, அடியில் படிந்திருந்த வெள்ளைச் சேற்றைச் சுத்தமாக வழித்து அனுப்பினார்.

அதன்பிறகு காத்திருப்பு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அடிப்பாறை காய்ந்தே கிடந்தது. பரமேஸ்வரன் தாளில் ‘நீர்’ என்று எழுதினார், மீதியை எழுதாமல் பேனாவை மூடினார். காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த வாசு ஒரு கட்டத்தில் இறங்கிவந்து சுவரோரம் நின்றான்.

மூன்றரை மணிக்குக் கறுத்த பாறை இடுக்கில் சிவப்பாக ஒரு கோடு கசிந்தது. ஐந்து மணிக்கு அடியில் உள்ளங்கை ஆழம் நீர் நின்றது. கயிற்றில் குழலை இறக்கி இறக்கி மொண்டதில் ஒரு போத்தல் நிறைந்தது, இரண்டாவது பாதிதான். கருவி மூன்று புள்ளி ஆறு காட்டியது.

வாசு கருவியிலிருந்த எண்ணை இரண்டு முறை பார்த்தான். இம்முறை கேலி பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “இதைத்தான் குடிச்சீங்களா ஆன்டி?” என்று மட்டும் கேட்டான்.

“காய்ச்சித்தான்பா குடிச்சோம்,” என்றாள் மாரியாயி, தவறு செய்து பிடிபட்டவள்போல.

பரமேஸ்வரனின் விரல்களில் துருக்கறை ஏறியிருந்தது. அவள் சோத்துக்கு வைத்திருந்த குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

“கையக் கழுவுங்க தம்பி. வந்தவங்கள இப்படியேவா அனுப்புறது?”

அவர் கையை நீட்டவில்லை. அவளும் குடத்தை நிமிர்த்தவில்லை.

“கீழ ஒரு பேசின் வைங்க அக்கா, ஒரு சொட்டும் வீணாகக் கூடாது,” என்றார் கடைசியில்.