கால் ஊன்றாமல் ஓர் எட்டு

தலையணைகளை முதுகுக்குப் பின்னால் திணித்து, அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைப்பதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியது. அவருக்கோ மூச்சு வருவதே அரிதாகியிருந்தது. இன்று ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மாவின் லைசென்ஸ் டெஸ்ட்டோ நாளைக்கு.

"டெஸ்ட் யாருக்கு வேணும்? பாக்க வேண்டியவர் இங்க இருக்காரு" என்று அம்மா சாவியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிவிட்டாள்.

காலமெல்லாம் அப்பாவின் பைக்கில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தே போய் வந்தவள். தையல் மெஷினைத் தவிர எதையும் ஓட்டியறியாதவள். அப்பா படுத்த படுக்கையானதும் பைக்கை விற்கிற பேச்சு வந்தது. "நான் ஓட்டறேன்" என்றாள். கூரியர் வேலையில் பைக் மேலேயே வாழ்ந்த மனுஷருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல கால் ஊனாம ஒரு எட்டு போட்டுக் காட்டு, பாப்போம்." மறுநாளே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்போடு வருவாள். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சாதிப்பாள்.

கீழே வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. அம்மா தரையில் இரண்டு பெயிண்ட் டப்பாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். மேலே பார்க்கவில்லை. போகிற திசையை விட்டுக் கண் விலகினால் வண்டி சாயும் என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நடக்கிற வேகத்தில் முதல் டப்பாவைச் சுற்றிய வண்டி, வளைவில் தள்ளாடியது. மகள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"பிரேக்கைத் தொடாத... கிளட்ச்... பாதி" என்றார் அப்பா, பக்கத்தில் இருந்தவளுக்கே பாதிதான் கேட்டது.

வண்டி நிமிர்ந்தது. இரண்டாவது டப்பாவையும் சுற்றி எட்டை முடித்து, நிற்காமல் அடுத்த எட்டுக்குள் நுழைந்தது. மகளுக்கு உடம்பு சிலிர்த்தது. ரோட்டைக் கடக்கவே தன் கையைப் பிடித்துக்கொள்ளும் அம்மாவா இது! அத்தனை பெரிய இரும்பு, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு அவளுக்கடியில் அப்படித் திரும்பியது.

"அப்பா, பாத்தீங்களா?"

அவர் கண்கள் கீழே வண்டியைப் பார்த்தபடியே இருந்தன. மார்பு அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. கீழே வண்டி வளைவின் நடுவில் சாய்ந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சரியப் போன அப்பாவின் தலையைத் தோளில் தாங்கினாள்.

அம்மா வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணாந்தாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தாரா?"

"பாத்தாரும்மா."

"இன்னொரு தடவை போடட்டுமா?"

மகள் அப்பாவின் தலையை இன்னும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"போடும்மா."

வண்டி மறுபடியும் உறுமியது. மகள் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.