இரண்டு நீல வாளிகள்

எங்கள் குடியிருப்பில் ஆறு கட்டடங்கள். ஆறுக்கும் நடுவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றிப் புல்தரை, புல்தரையைச் சுற்றிச் செங்கல் பதித்த நடைபாதை. அந்த இடம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. அதைக் கூட்டி, புல் வெட்டி, குப்பை அள்ளிப் பார்த்துக்கொள்வது என் அம்மா. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நானும் அம்மாவோடு போகிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார்.

குளத்தில் முப்பத்தெட்டுப் பெருவாத்துகள் இருந்தன. சாதாரண வாத்து இல்லை. நின்றால் என் இடுப்புக்கு வரும், கழுத்தை நீட்டினால் இன்னும் உயரம். பார்க்க ராஜா மாதிரி நடக்கும். பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும் ராஜா என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று. காலையில் அம்மா கூட்டி முடித்த பாதை, நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி ஆகிவிடும்.

"நான் கூட்டறேன், இதுங்க கோலம் போடுதுங்க" என்பாள் அம்மா.

குளிர் விட்டுக்கொண்டிருந்த நாளில் டிக்கெட் சாரின் மனைவி அந்தப் பாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். டிக்கெட் சார் என்றால் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்பது போலத்தான் பார்ப்பார். அன்றைக்கு அவர் சங்கக் கூட்டத்தில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் வாத்துகள் குறைய வேண்டும். குறையாவிட்டால் லாரி வரும்.

லாரி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் இந்த வாத்துகளுக்குச் சிறகு உதிரும். ஒரு மாதம் பறக்க முடியாது. அப்போது உரிமம் வாங்கிய ஆட்கள் வலை கட்டி, எல்லாவற்றையும் ஒரு மூலைக்கு ஓட்டி, கூண்டில் அடைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள். சட்டப்படி அதுவும் சரிதான். ஆனால் ஏறினது எதுவும் திரும்பி வராது.

அம்மா நேராக வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனாள். அங்கேதான் பறவைப் பிரிவு அதிகாரியை, எங்களுக்குப் பறவை மேடம், பார்த்தாள். அந்த மேடத்தை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் மறக்கமாட்டேன். அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். வாத்துகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, கூட்டைக் கலைக்கக்கூடாது, முட்டையைக் கையால் தொடுவதற்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். பிறகு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, சீட்டில் அம்மாவின் பெயரையே எழுதிக் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறை.

மேடம் சொல்லிக் கொடுத்தது இதுதான். தீனி போடக்கூடாது என்று பலகை வைக்க வேண்டும். குளக்கரைப் புல்லை வெட்டாமல் உயரமாக விட வேண்டும், ஏனென்றால் எட்டிப் பார்க்க முடியாத புல்லில் வாத்துக்குப் பயம். மூன்றாவதுதான் முட்டை. கூட்டிலிருக்கும் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மூழ்கினால் புதுசு, உள்ளே குஞ்சு உருவாகவில்லை. அதன்மேல் சோள எண்ணெயைத் தடவித் திரும்ப வைத்துவிடலாம், பொரிக்காது. முட்டையை எடுத்துப் போய்விட்டால் வாத்து வேறு முட்டை இட்டுவிடும். அதனால் வைத்தே தீர வேண்டும். முட்டை மிதந்தால் உள்ளே குஞ்சு உயிரோடு வளர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தொடக்கூடாது. விட்டுவிட வேண்டும்.

"ஏமாத்தித்தான் உக்கார வைக்கிறோம், பாவம்" என்றாள் அம்மா. "ஆனா லாரிக்கு இது எவ்வளவோ மேல்."

பயிற்சி முடிந்தும் அந்தச் சீட்டு கைக்கு வர ஒரு வாரம் தாமதமானது. அதற்குள் ஒன்பது கூடுகளில் வாத்துகள் அடையில் உட்கார்ந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா, "நாளைக்கு முட்டை பாக்கணும், ஒரு வாளி தண்ணி பிடிச்சு வை. அப்படியே செங்கல் இடுக்குல களை முளைச்சிருக்கு, அதுக்கு உப்புத் தண்ணியும் கரைச்சு வை" என்றாள். நான் இரண்டும் செய்தேன். எங்களிடம் இருப்பது இரண்டே வாளிகள். இரண்டும் நீலம், இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பிடி. ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் இரண்டு பாக்கெட் உப்பு. கருவிகள் வைக்கும் அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

திங்கட்கிழமை அம்மா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போனாள். நான் மற்றதைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கட்டடத்துப் பாதைக்குப் போய், களையெல்லாம் நனைய நனைய ஊற்றினேன்.

அம்மா திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

"எல்லாமே மிதக்குதுடி."

"எல்லாமேவா?"

"நாப்பத்திநாலு முட்டை. ஒண்ணுகூட முங்கல. ஒரு வாரம் லேட்டானதுல எல்லாம் போச்சு."

அம்மா மேடத்துக்குப் போன் செய்து அறிக்கை சொன்னாள். மேடம் எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். பிறகு, "அப்படின்னா தொடாதீங்கம்மா, நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றாராம். டிக்கெட் சாரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"அப்போ இருக்கற முப்பத்தெட்டோட நாப்பத்திநாலு. என் பொண்டாட்டி இன்னொரு கையையும் உடைச்சுக்கணுமா?"

"இல்ல சார்..."

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. சனிக்கிழமை கூட்டம். லாரிக்கு எழுதிக் கொடுத்துடலாம்."

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மின்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கூட்டில் வாத்து அடையில் உட்கார்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வாயிற்கதவுக்குப் பெயிண்ட் அடித்த அன்றுதான் அது உட்கார்ந்தது, நான் எழுதி வைத்திருந்தேன். முட்டை மிதக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா கண்ணால் பார்த்ததைவிட என் நோட்டு எப்படிச் சரியாக இருக்கும்? தேதி தப்பியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கடைசிக் கட்டடத்துப் பாதையில் பட்டுப்போன களைகளைச் சுரண்ட இரும்புக் கரண்டியோடு போனேன். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. வரிசை வரிசையாக, தலை வாரிவிட்டது போலப் பச்சைப்பசேலென்று நின்றன. போன வாரத்தைவிட ஒரு விரல் உயரம் கூடுதல்.

நான் கரண்டியைக் கீழே போட்டேன்.

ஓடிப்போய்க் கருவி அறையில் அம்மாவின் வாளியைப் பார்த்தேன். பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தத் தண்ணீரை நாக்கில் வைக்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு கோழிமுட்டை எடுத்து வந்து போட்டேன். காலையில்தான் கடையில் வாங்கிய முட்டை. மிதந்தது. படகு மாதிரி மிதந்தது.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு எப்போதுமே தொண்டையோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் அதனால்தான் முடியாமல் போனது. அன்றும் நின்றது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை நடுவில் வைத்தேன்.

"இது என்னடி?"

"முட்டை."

"தெரியுது. ஏன் மிதக்குது?"

"உப்பு."

அம்மா என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டிலிருந்து சோப்பு நுரை சொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்போ களைக்கு நீ எதை ஊத்தின?"

"நல்ல தண்ணி."

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"சீட்டு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். கிளம்பு."

"நான் அடையாளம் வைக்கலம்மா. என் தப்பு."

"மோந்து பாக்காமத் தூக்கிட்டுப் போனது யாரு? உப்புக்கு மணம் கிடையாதுன்னு வேணா சொல்லலாம். கிளம்புடி."

முதலில் மேடத்துக்குப் போன். அனுமதியைப் பறித்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "தப்பை மறைச்சு வர்ற ரிப்போர்ட்தாம்மா எனக்குப் பிரச்சினை. நல்ல தண்ணியில திரும்பப் பாருங்க. நான் திருத்திக்கறேன். சொன்னதுக்கு ரொம்ப நன்றி." எங்களுக்கு அவர் நன்றி சொன்னார்!

அடுத்தது டிக்கெட் சார். அவர் நம்பவில்லை.

"ஏம்மா, சனிக்கிழமை கூட்டம்னதும் வியாழக்கிழமை உப்பு ஞாபகம் வருதா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். எப்படி என்று இப்போதும் தெரியவில்லை.

"சார், களையை வந்து பாருங்க."

அவர் வந்தார். அவர் மனைவியும் கட்டுப் போட்ட கையோடு கூட வந்தார். கடைசிக் கட்டடத்துப் பாதையில் நான்கு பேரும் குனிந்து நின்று களையைப் பார்த்தோம்.

"அடேயப்பா" என்றார் அவர் மனைவி. "என் பூந்தொட்டிக்கும் கொஞ்சம் ஊத்திட்டுப் போயிருக்கக் கூடாதா?"

டிக்கெட் சார் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "சரி. நாளைக்குக் காலையில நான் கூட வர்றேன். தண்ணியை நானே பிடிப்பேன். என் கண்ணு முன்னாடி மூழ்கணும்."

"குடை எடுத்துட்டு வாங்க சார்" என்றாள் அம்மா.

"மழை இல்லையே?"

"மழைக்கு இல்ல."

குடை எதற்கென்று வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் தெரிந்தது. பெட்டை வாத்து கூட்டைவிட்டு நகர்ந்ததும் ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டி, சீறிக்கொண்டு வந்தது. குடையை விரித்து முன்னால் பிடித்தால் போதும், அடிக்க வேண்டாம், அது தயங்கி நிற்கும் என்பது மேடம் சொன்ன வழி. டிக்கெட் சார் குடையை விரித்தார். விரித்துவிட்டு அதற்குப் பின்னால் முழுசாக மறைந்துகொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ரயில்ல வேலை பார்த்தேன்" என்று குடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "டிக்கெட் இல்லாதவன்கூட இப்படி மொறைச்சதில்ல. சீக்கிரம் பாரும்மா!"

மின்பெட்டிக் கூடுதான் முதலில். ஐந்து முட்டைகள். அம்மா கையுறை போட்ட கையால் ஒன்றை எடுத்து, டிக்கெட் சார் தானே குழாயில் பிடித்து வந்த தண்ணீரில் மெதுவாக விட்டாள். முட்டை நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

குடைக்குப் பக்கவாட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மூழ்கிடுச்சா?"

"மூழ்கிடுச்சு சார்."

அம்மா துடைத்து, பென்சிலால் எண் எழுதி, ஓர் இடம் விடாமல் எண்ணெய் தடவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்படி ஏழு கூடுகள். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் முட்டைகள் நிஜமாகவே மிதந்தன. இரண்டிலும் சேர்த்து ஒன்பது. எட்டாவது கூட்டில் ஒரு முட்டை தண்ணீரில் லேசாக ஆடியது, உள்ளே யாரோ திரும்பிப் படுப்பது மாதிரி. அம்மா அவற்றைத் துடைத்து, எண்ணெய் இல்லாமல் திரும்ப வைத்தாள். டிக்கெட் சாரைப் பார்த்தாள். ஒன்பது குஞ்சு என்றால் வாத்துகள் குறைந்ததாக ஆகாது, கூடினதாகத்தான் ஆகும். அப்படியே விட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மறக்காது.

"அதுங்க ரிசர்வேஷன்ல வந்ததுங்க" என்றார் அவர். "இறக்க முடியாது. சட்டம்."

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அம்மா வந்து சொன்னாள். லாரிக்கு எழுத வேண்டாம், அடுத்த வருஷமும் முட்டை வேலையே நடக்கட்டும், கரைப்புல் உயரமாகவே இருக்கட்டும் என்று டிக்கெட் சாரே பேசினாராம். யாரோ, உங்க மனைவி விழுந்தது மறந்துபோச்சா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி எழுந்து, "விழுந்தது நான். பாதையைக் காலையில ரெண்டு தடவை கூட்டினாப் போதும். அதுக்கு ஒரு ஆள் கூடப் போடுங்க" என்றாராம். அந்த இன்னொரு ஆள் நான்தான். என் பெயரில் முதல் சம்பளம் வந்தது அந்த மாதம்.

எண்ணெய் தடவிய முட்டைகள்மேல் உட்கார்ந்த ஏழு வாத்துகளும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டைவிட்டு எழுந்து போயின. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. கரைப்புல் வளர வளரச் சில ஜோடிகள் வேறு குளம் பார்த்துப் போய்விட்டன. சிறகு உதிரும் மாதத்தில் இருபத்தாறு பெரிய வாத்துகளும் ஒன்பது குஞ்சுகளும் இருந்தன. லாரி வரவில்லை. யாரும் வலை கட்டவில்லை.

டிக்கெட் சார் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து ஒரு வாளியில் 'உப்பு' என்று தன் கையாலேயே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். இன்னும் அந்த வாளிதான் வைத்திருக்கிறோம்.

கடைசிக் கட்டடத்துக் களையை மட்டும் அம்மா நீக்கவில்லை. நான் கரண்டி எடுத்தபோதெல்லாம் "அது கிடக்கட்டும்" என்றாள். ஒரு நாள் காலையில் ஒன்பது குஞ்சுகளும் வரிசையாக அந்தப் பக்கம் வந்து, செங்கல் இடுக்கிலிருந்து அதைக் கொத்திக் கொத்தித் தின்றன. டிக்கெட் சாரும் அவர் மனைவியும் நடக்க வந்தவர்கள் நின்று வழிவிட்டார்கள். குஞ்சுகள் தின்றுகொண்டே போயின, போகிற வழியெல்லாம் தங்கள் வேலையையும் செய்துகொண்டே போயின.

அவற்றுக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு நானும் அம்மாவும் போனோம்.