நாற்பது சீட்டுகள்

நாளைக்குப் பரீட்சை. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான சான்றிதழ்; முதல் தாள் முழுக்கக் கலைச்சொற்கள். பத்து வருடமாக வகுப்பெடுக்கிறேன். நான் செய்வதற்கெல்லாம் இப்படி வாயில் நுழையாத பெயர்கள் இருப்பது இந்த வருடம்தான் தெரிந்தது. நாற்பது சீட்டு வெட்டி, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் தமிழில் பொருளும் எழுதி வைத்திருந்தேன்.

சீட்டுகளைக் காட்ட உட்கார்ந்தவள் என் கணவருடைய மகள். ஒன்பது வயது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது; என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவிடம் வாய் ஓயாது. நான் அறைக்குள் வந்தால் கப்சிப். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள், அதிலும் கஞ்சத்தனம். எனக்கு அழுகை அழுகையாக வரும். வெளியே சிரித்து வைப்பேன். இன்று அவளாகவே சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டதும் மூச்சுவிடவே பயந்தேன்.

மதிய வெயில் மஞ்சள் திரைச்சீலை வழியாக வந்து அறையையே தேனில் தோய்த்திருந்தது. மின்விசிறி நிதானமாகச் சுற்றியது. சாப்பிட்ட மயக்கம் வேறு. அவள் காட்டிய ஒவ்வொரு சொல்லும் எங்கோ ஆழத்திலிருந்து மிதந்து வந்தது.

ஸ்கஃபோல்டிங்.

"கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி, தானா நிக்கிற வரைக்கும் குடுக்குற உதவி."

பின்பக்கத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். எலிசிட்.

"பதிலை நாம சொல்லாம, அவங்க வாயிலேர்ந்தே வரவழைக்கிறது."

அதுவும் சரி. அடுத்து, சைலண்ட் பீரியட். என் தூக்கம் கலைந்தது.

"புது மொழிக்குள்ள வர்றவங்க," என்றேன் மெதுவாக, "கொஞ்ச மாசம் வாயே திறக்க மாட்டாங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அவசரப்படுத்தக் கூடாது."

பின்பக்கத்தில் இருந்தது ஒரே வரிதான். அதை அவள் நெடுநேரம் படித்தாள். தலையசைக்காமல் சீட்டைக் கட்டுக்கு அடியில் செருகினாள்.

ஃப்ளூயன்சி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மனசு முந்தைய சீட்டிலேயே கிடந்தது.

"பிழையில்லாம பேசுறது."

"தப்பு."

கண்ணயர்ந்து கனவு காண்கிறேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் வாய் திறக்காதவர் திறந்தால் ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. கூசிப்போய் மறுபடி மூடிக்கொள்வார். ஒன்றும் நடக்காததுபோல், "அப்ப எது சரி?" என்றேன்.

"நிறுத்தாம சரளமா பேசுறது. பிழை வந்தாலும் பரவால்ல."

அடுத்தது அக்யுரசி. பிழையில்லாமல் பேசுவது இதுதான். தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன்: "வேகமா பேசுறது."

"அய்யோ, இதுவும் தப்பு!" கட்டை மொத்தமாகக் கலைத்துப்போட்டாள். "இப்படிப் போனா நாளைக்கு நீங்க பெயில்தான். முதல்லேர்ந்து சொல்லுங்க, சித்தி."